டேட்டாபேஸையே பொதுவான கேஷாக வைத்தால் சரிவருமா?

புதுநிரலர்:
வணக்கம் நண்பர்களே. ஏஎஸ்பி டாட் நெட் கோரில் எழுதிய செயலி ஒன்று இருக்கிறது. ஒரே சர்வரில் ஓடும் வரை ஐமெமரிகேஷ் (அடிக்கடி தேவைப்படும் விடைகளை அந்தந்த சர்வரின் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் கேஷ்) போதுமாக இருந்தது, இப்போது கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர். ஒரு பொருளின் விலையை மாற்றினால் ஒரு சர்வர் புது விலை காட்டுகிறது, மற்றது பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது, பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யச் செய்ய விலை மாறி மாறி வருகிறது. பொதுவான கேஷாகப் பயன்படும் ரெடிஸ் வைக்க அனுமதி இல்லை, எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ் மட்டும்தான். டேட்டாபேஸுக்குப் போகாமல் இருக்கத்தானே கேஷ்? அதை டேட்டாபேஸிலேயே வைத்து என்ன லாபம்?

தரவுத்தறி:
லாபம் வேகத்தில் மட்டும் இல்லை, எல்லா சர்வரும் ஒரே பிரதியைப் பார்ப்பதில்தான் முக்கியமாக இருக்கிறது. ஆறேழு டேபிளை ஜாயின் செய்து கூட்டிக் கழித்து வரும் விடையை டேபிளின் ஒரே வரிசையாக (ரோ) வைத்து, சாவியை (அதை அடையாளம் காட்டும் பெயர்) கொடுத்து எடுப்பது மலிவு. உங்கள் க்வெரியே ஐடி கொடுத்து ஒரு வரிசை எடுப்பதுதான் என்றால் கேஷ் வேண்டவே வேண்டாம்.

'டாட்நெட் எஸ்கியூஎல்-கேஷ் கிரியேட்' கட்டளை கேஷுக்கான டேபிளை உருவாக்கித் தரும், அப்புறம் செயலியில் ஆட்டிஸ்ட்ரிபியூட்டட்எஸ்கியூஎல்சர்வர்கேஷ் என்ற மெத்தடை அழைத்து இணைக்க வேண்டும். சாவி 449 எழுத்துக்குள் இருக்க வேண்டும், சிறிய பெரிய எழுத்து வேறுபாடு உண்டு. உள்ளே போவது வெறும் பைட்டுகள், தரவை ஜேசன் போன்ற எழுத்து வடிவமாக்கி பைட்டுகளாக மாற்றுவது உங்கள் வேலை.

மெதுவாகஓடு:
இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் தலைவலி. ஸ்லைடிங் எக்ஸ்பைரி (படிக்கப் படிக்க நீளும் காலாவதி) வைத்தால், கேஷிலிருந்து படிக்கும் ஒவ்வொரு முறையும் காலாவதி நேரத்தை நீட்டிக்க ஒரு அப்டேட் ஓடும். அதாவது படிப்பதே எழுதுவதாகிவிடுகிறது! எல்லோரும் தொடும் ஒரே சாவி என்றால் அந்த ஒரு வரிசையின் லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒருவரே மாற்றும்படி போடும் பூட்டு) எல்லாரும் காத்து நிற்பார்கள். எதுவும் கொடுக்காமல் விட்டாலும் இயல்பாக 20 நிமிட ஸ்லைடிங்தான் வரும், அதனால் ஆப்ஸல்யூட் எக்ஸ்பைரியை (நீளாத, நிலையான காலாவதி) மட்டும் நீங்களே எழுதிக் கொடுங்கள், படிக்கும்போது அந்த வரிசை மாற்றி எழுதப்படுவது நின்றுவிடும்.

காலாவதியான வரிசைகள் உடனே அழியாது, அவற்றை அழிக்கும் இயல்பு இடைவெளி 30 நிமிடம். டேபிள் பெரிதாகத் தெரிந்தால் பதற வேண்டாம், பழையது வெளியே வராது.

புதுநிரலர்:
நன்றி, இப்போது பிடிபடுகிறது. விலை மாறும்போது கேஷை எப்போது அழிப்பது, சேமிப்பதற்கு முன்பா பின்பா?

தரவுத்தறி:
கமிட் ஆன (மாற்றம் டேட்டாபேஸில் உறுதியான) பின்புதான். முன்பே அழித்தால், கமிட் ஆகும் முன் இன்னொரு சர்வர் பழைய விலையைப் படித்துத் திரும்பவும் கேஷில் போட்டுவிடும், அது காலாவதி ஆகும் வரை அங்கேயே கிடக்கும். பின்பு அழித்தாலும் சின்ன இடைவெளி இருக்கிறது: ஒரு சர்வர் பழையதைப் படித்து வைத்திருந்து, நீங்கள் அழித்த பிறகு எழுதலாம். அதற்காகத்தான் விலை போன்றவற்றுக்குக் குறுகிய ஆயுள், ஓரிரு நிமிடம். பணம் வாங்கும் பக்கத்தில் மட்டும் கேஷைத் தொடாமல் மூல டேபிளிலிருந்தே விலையை எடுங்கள், அதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

மெதுவாகஓடு:
டாட் நெட் 9 என்றால் ஹைப்ரிட்கேஷ் (சர்வரின் நினைவகத்தையும் பொதுவான கேஷையும் சேர்த்துப் பயன்படுத்துவது) பாருங்கள். ஒரே சாவிக்கு ஒரே நேரத்தில் நூறு கோரிக்கை வந்தாலும், ஒரு சர்வருக்குள் ஒன்றுதான் க்வெரியை ஓட்டும், மற்றவை அதன் விடைக்குக் காத்திருக்கும். ஆனால் அது ஒவ்வொரு சர்வரின் நினைவகத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும், ஆகவே அந்த உள்ளூர் பிரதியின் ஆயுளைத் தனியாகக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் விலை மறுபடியும் மாறி மாறித்தான் வரும்.