மார்ச் 15 கடிதம் வந்தால் டீச்சர் போய்விடுவாரா? ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தூக்கம்வராதவன் | 8 மார்ச் 2025, இரவு 11:40

கலிஃபோர்னியா, ஈஸ்ட் பே பக்கம் இருக்கிறோம். டிஸ்ட்ரிக்ட் (எங்கள் வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பெயர் வேண்டாம். மகள் மூன்றாம் வகுப்பு.

வியாழக்கிழமை ஒரு மெயில் வந்தது. அடுத்த வருட பட்ஜெட்டில் 90 லட்சம் டாலர் துண்டு விழுகிறதாம், ஆட்குறைப்பைத் தவிர்க்க முடியாதாம். மறுநாள் மகளைக் கூட்டிவரப் போனேன். அவள் டீச்சர் கேட்டருகே நின்று எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கம்போல கை காட்டிக்கொண்டிருந்தார், ஆனால் கண் சிவந்திருந்தது. கடிதம் வந்துவிட்டது என்று இன்னொரு அம்மா சொன்னார். லைப்ரரியில் இருப்பவருக்கும் வந்திருக்கிறதாம்.

எனக்குப் புரியாதது மூன்று. ஒன்று, இந்தக் கடிதம் வந்தால் வேலை போனது போனதுதானா? இரண்டு, நான் வீட்டு வரி மட்டும் வருடம் 15,600 டாலர் கட்டுகிறேன். அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது? பக்கத்து வீட்டுத் தாத்தா 1986இல் வாங்கியவர், அதே பிளான் வீடு, அவர் கட்டுவது 2,300. மூன்று, பள்ளிக்குப் பின்னால் புது ஜிம் கட்ட கிரேன் நிற்கிறது. காசு இல்லாதவன் வீட்டில் கிரேன் நிற்குமா?

கணக்குப்பிள்ளை | 9 மார்ச், காலை 6:15

சென்ட்ரல் வேலியில் ஒரு டிஸ்ட்ரிக்டின் பிசினஸ் ஆபீசில் 14 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இது என் சொந்தப் பேச்சு, ஆபீஸ் பேச்சு இல்லை.

முதலில் கடிதம். அது வேலைநீக்க உத்தரவு இல்லை. ‘அடுத்த வருடம் உங்களுக்கு வேலை இல்லாமல் போகலாம்’ என்ற முன்னறிவிப்பு. மார்ச் 15க்குள் இதைக் கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் அந்த டீச்சரை வைத்துக்கொண்டே ஆக வேண்டும். இறுதி முடிவுக்குக் கெடு மே 15. வேடிக்கை என்னவென்றால், மாநிலம் எவ்வளவு தரப்போகிறது என்பது அப்போதும் முழுசாகத் தெரியாது. கவர்னர் ஜனவரியில் ஒரு கணக்கு சொல்வார், மே நடுவில் அதைத் திருத்துவார், சட்டமன்றம் ஜூன் 15க்குள் நிறைவேற்றும். பந்திக்கு எத்தனை பேர் என்று ஜூனில்தான் தெரியும், இலைக்கட்டை மார்ச்சிலேயே குறைக்கச் சொன்னால் எப்படி? அதனால் பல டிஸ்ட்ரிக்டுகள் பயத்தில் கூடுதலாகவே கடிதம் அனுப்பும்.

ஒரு வருடம் எங்கள் இடத்தில் நாற்பதுக்கு மேல் போனது. கவரில் போட ஆள் போதாமல் என்னையும் கூப்பிட்டார்கள். மடித்துப் போட்டுக்கொண்டே வந்தவள் ஒரு பெயரைப் பார்த்து நின்றுவிட்டேன், என் பையனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர். மே மாதம் உறுதியானவை ஒற்றை இலக்கம்தான். அவர் தப்பித்தார். ஆனால் அந்த இரண்டு மாதத்திலேயே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். கடிதத்தின் உண்மையான விலை அதுதான், எந்த லெட்ஜரிலும் ஏறாது.

யாருக்கு வரும் என்பதற்குத் திறமை கணக்கில்லை. பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில். ஸ்பெஷல் எட் (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான கல்வி), இருமொழி மாதிரி ஆள் கிடைக்காத துறைக்காரர்களை விட்டுவைப்பார்கள்.

அடுத்து உங்கள் வரி. எல்லாம் 1978இல் ஓட்டெடுப்பில் வந்த ப்ராப் 13 என்ற சட்டம். வாங்கிய விலையில் 1 சதவீதம், அந்த மதிப்பும் வருடம் 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. தாத்தா 1986 விலைக்குக் கட்டுகிறார், நீங்கள் உங்கள் விலைக்கு. சரி, நீங்கள் கூடுதலாகக் கட்டுவது பள்ளிக்கு வருகிறதா? அதுவும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று மாநிலம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது, 2013இல் வந்தது. வீட்டு வரியிலிருந்து பள்ளிக்கென்று வரும் பங்கு முதலில் வாளியில் விழும், மீதியை மாநிலம் ஊற்றி நிரப்பும். நீங்கள் அதிகம் ஊற்றினால் மாநிலம் குறைத்து ஊற்றும், வாளியின் அளவு மாறாது. பாலோ ஆல்டோ மாதிரி வரியிலேயே வாளி நிரம்பி வழியும் ஊர்கள் மட்டும் வழிந்ததையும் வைத்துக்கொள்ளலாம். ‘பேசிக் எய்ட்’ என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏழை மாதிரி இருக்கும்!

கிரேன்: அது பாண்ட் பணம், அதாவது ஊரார் ஓட்டுப் போட்டு அனுமதிக்கும் கடன். 55 சதவீத ஓட்டில் நிறைவேறும், கட்டடத்துக்கு மட்டும்தான் செலவழிக்கலாம், சம்பளத்துக்குத் தொடவே கூடாது. கோயில் திருப்பணிக்கு வசூலித்ததை எடுத்து அர்ச்சகருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது இல்லையா, அது மாதிரி. சம்பளத்துக்கு ஊரார் வரி போட்டுக்கொள்ள பார்சல் டாக்ஸ் என்று ஒன்று உண்டு, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். எங்கள் ஊரில் அறுபது சதவீதத்துக்கு மேல் வாங்கியும் தோற்றது.

மீதி மதியம். வேலைக்கு நேரமாச்சு. (ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டாம் இன்டரிம் ரிப்போர்ட், அதாவது நடுவருட நிதிநிலை அறிக்கை, மாத நடுவுக்குள் போக வேண்டும், அதனால் எங்களுக்கு மார்ச்சில் ஞாயிறு கிடையாது.)

வரிப்புலி | 9 மார்ச், காலை 9:02

எல்லாம் கதை. எங்கள் டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரி, சூப்பரின்டெண்டெண்ட், அவர் சம்பளம் மூணே முக்கால் லட்சம் டாலர். மேலே வெட்டினால் கீழே ஏன் வெட்ட வேண்டும்?

தூக்கம்வராதவன் | 9 மார்ச், காலை 10:30

நன்றி கணக்குப்பிள்ளை சார். பாண்ட் விஷயம் இப்போதுதான் புரிந்தது. ஆனால் துண்டு எப்படி விழுந்தது? போன வருடம்வரை நன்றாகத்தானே ஓடியது?

கணக்குப்பிள்ளை | 9 மார்ச், மதியம் 2:50

சார் இல்லை தம்பி, அக்கா என்றே கூப்பிடுங்கள்.

பிள்ளைகள் குறைகிறார்கள். மாநிலம் முழுக்க இருபது வருடத்துக்கு முன்னால் 63 லட்சத்தை ஒட்டி இருந்தார்கள், இப்போது 58 லட்சம் சொச்சம். உங்கள் பக்கம் வீட்டு விலைக்கு இளம் குடும்பம் எது வரும்? ஒரு வகுப்பில் 27 பேர் 25 ஆனால் இரண்டு பிள்ளைக்கான பணம் போய்விடும். டீச்சர் அதே ஒருவர், பல்பு அதே பல்பு.

அப்புறம் கோவிட் பணம். மத்திய அரசு மூன்று தவணையாக நாடு முழுக்க 19,000 கோடி டாலர் கொடுத்தது, கடைசித் தவணைக்குக் கெடு போன செப்டம்பரோடு முடிந்தது. அந்தப் பணத்தில் கவுன்சிலர், ரீடிங் டீச்சர் என்று ஆள் எடுத்தார்கள். பணம் ஒரு தடவை வருவது, சம்பளம் மாதா மாதம் போவது. ‘போன வருடம்வரை நன்றாக ஓடியது’ என்கிறீர்களே, அது இந்த எண்ணெயில் எரிந்த விளக்கு.

பென்ஷனை யாரும் மேடையில் பேசமாட்டார்கள். டீச்சர் சம்பளத்தில் ஒவ்வொரு நூறு டாலருக்கும் டிஸ்ட்ரிக்ட் தன் பங்காக 2013இல் கட்டியது 8.25 டாலர், இப்போது 19.10. மற்ற ஊழியர்களுக்கு 27க்கு மேல். யாருக்கும் ஒரு பைசா சம்பளம் உயர்த்தாமலே செலவு ஏறியது. ஸ்பெஷல் எட் இன்னொன்று. 1975 சட்டத்தில், ஒரு பிள்ளைக்கு ஆகும் நாட்டுச் சராசரிச் செலவில் 40 சதவீதம்வரை தருவதாக மத்திய அரசு சொன்னது, பெரும்பாலான வருடங்களில் அதில் பாதியைக்கூடத் தந்ததில்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியது சட்டக் கடமை, செய்யவும் வேண்டும். ஆகவே பொதுப் பணத்திலிருந்துதான் போகும்.

வரிப்புலி அவர்களே, மூணே முக்கால் லட்சத்தை முழுசாக வெட்டினாலும் 90 லட்சத்தில் 86 லட்சத்துக்கு மேல் பாக்கி. பட்ஜெட்டில் 80, 85 சதவீதம் சம்பளமும் சலுகையும்தான், பேப்பரும் பேனாவும் குறைத்து மீள முடியாது. ஆனால் உங்கள் கோபம் முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன், இடம்தான் தப்பு. பட்ஜெட் ஆவணத்தில் 5800 என்ற குறியீட்டைத் தேடுங்கள். கன்சல்டன்ட், வெளி ஒப்பந்தம் எல்லாம் அங்கேதான் ஏறும். போர்டு கூட்டத்தில் இவற்றை ‘கன்சென்ட்’ பட்டியலில் மொத்தமாக வைத்து ஒரே கைதூக்கலில் முடிப்பார்கள். அதைத் தனியாக எடுத்து விவாதியுங்கள் என்று கேளுங்கள். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

இவ்வளவு பதறுவது ஏன் என்றால், இந்த வருடமும் அடுத்த இரண்டு வருடமும் சமாளிப்போம் என்று டிஸ்ட்ரிக்ட் தன்னை மேற்பார்க்கும் கவுன்டிக்குக் காட்ட வேண்டும். காட்ட முடிந்தால் ‘பாசிட்டிவ்’, சந்தேகம் என்றால் ‘குவாலிஃபைட்’, முடியாது என்றால் ‘நெகட்டிவ்’. 1991இல் ரிச்மண்ட் டிஸ்ட்ரிக்ட் நடுவருடத்தில் கையை விரித்த பிறகு வந்த ஏற்பாடு இது. நெகட்டிவில் போய் மாநிலத்திடம் கடன் வாங்கினால் அதிகாரமும் கூடவே போய்விடும். ஓக்லண்ட் டிஸ்ட்ரிக்டுக்கு 2003இல் அனுமதித்த 10 கோடி டாலர் கடனை இருபது வருடத்துக்கு மேலாகக் கட்ட வேண்டியிருந்தது. அன்று முதல் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு இப்போது பிள்ளை இருக்கும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வருடம் ஊருக்குப் போனீர்களா?

தூக்கம்வராதவன் | 9 மார்ச், மாலை 5:10

போனோம் அக்கா. கோயம்புத்தூர். தங்கை கல்யாணம், டிசம்பரில் ஒரு வாரம், ஜனவரியில் ஒன்றரை வாரம் பள்ளிக்குப் போகவில்லை. 12 நாள். ஏன்?

கணக்குப்பிள்ளை | 9 மார்ச், மாலை 5:25

கலிஃபோர்னியாவில் பணம் வருவது பெயர் எழுதின பிள்ளைக்கு இல்லை, வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு. வருடத்துக்குச் சுமார் பத்தாயிரம் டாலர், 180 நாள் என்று போட்டால் ஒரு நாளுக்கு 55 டாலருக்கு மேல். உங்கள் 12 நாள் ஏறக்குறைய 670 டாலர். காய்ச்சல் என்று லீவ் லெட்டர் கொடுத்தாலும் வராது. மூன்று வருடச் சராசரி என்று ஒரு மெத்தை வைத்திருக்கிறார்கள், அதனால் உடனே வலிக்காது. ஆனால் உங்கள் பள்ளியில் எத்தனை தேசிப் பிள்ளைகள், எத்தனை பேர் ஜனவரி பொங்கல்வரை ஊரில் இருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை, நானும் போகிறவள்தான். போவதற்கு முன்னால் ஆபீசில் ‘இன்டிபென்டென்ட் ஸ்டடி’ ஒப்பந்தம் கேளுங்கள். டீச்சர் பாடம் கட்டிக் கொடுப்பார், நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், பிள்ளை செய்து கொண்டுவந்து கொடுத்தால் அந்த நாட்கள் வருகையாகக் கணக்கில் ஏறும். பிளேனில் ஏறியபிறகு மெயில் போடுகிறவர்கள்தான் அதிகம்.

மூணேமுக்கால் | 10 மார்ச், இரவு 9:48

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஒரு ஆரம்பப் பள்ளியில் எய்ட், வகுப்பு உதவியாளர். ஸ்பெஷல் எட் பிள்ளைகளோடு ஒரு நாளைக்கு 3.75 மணி நேரம். நாலு மணி நேரம் ஆனால் எங்கள் இடத்தில் மருத்துவக் காப்பீடு கொடுக்க வேண்டும், அதனால் மூணே முக்கால். எனக்கும் கடிதம் வந்தது. முன்பெல்லாம் எங்களுக்கு மார்ச் கெடு கிடையாது. 2022இலிருந்து டீச்சர்களைப் போலவே எங்களுக்கும் உண்டு. அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

தம்பி உங்கள் டீச்சரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் பார்க்கும் பையன் மூன்றாம் வகுப்புதான், பேசமாட்டான். இரண்டு வருடம் ஆச்சு, வலது கால் ஷூ லேஸ் அவனே கட்டுகிறான், இடது காலை நீட்டி என்னைப் பார்ப்பான். அவனுக்கு ஆள் வேண்டும் என்று அவன் திட்டத்தில் எழுதியிருக்கிறது, அதனால் யாரோ ஒருவரை வைப்பார்கள். அந்த யாரோ நானாக இருக்கமாட்டேன், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை | 10 மார்ச், இரவு 10:20

இதற்கு என்னிடம் குறியீடு இல்லை அம்மா. உங்கள் யூனியன் பிரதிநிதியிடம் சீனியாரிட்டி பட்டியலை வாங்கி, சேர்ந்த தேதியை நீங்களே சரிபாருங்கள். அதில் தப்பு நிறைய வரும், தப்பு என்று நீங்கள் சொன்னால்தான் திருத்துவார்கள்.

தூக்கம்வராதவன் | 17 மே, இரவு 11:15

என்ன ஆயிற்று என்று எழுதாமல் விட்டால் நன்றாயிருக்காது.

ஏப்ரலில் போர்டு கூட்டத்துக்குப் போனேன். பேச இரண்டு நிமிடம். என் முறை வரும்போது இரவு பத்தே கால். 5800ஐக் கேட்டேன். ஒரு சாஃப்ட்வேர் பயிற்சி ஒப்பந்தத்தைத் தனியாக எடுத்து ஒத்திவைத்தார்கள். பெரிய தொகை இல்லை, ஆனால் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

மகளின் டீச்சருக்கு அனுப்பிய கடிதத்தை டிஸ்ட்ரிக்டில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஓய்வு பெறுபவர்களுக்கு ஏதோ கூடுதல் தொகை கொடுத்து முன்கூட்டியே அனுப்பியதில் இடம் கிடைத்ததாம். லைப்ரரி வாரத்தில் ஐந்து நாள் இருந்தது, அடுத்த வருடம் இரண்டு நாள். மூன்றும் நாலும் சேர்த்து ஒரே வகுப்பு ஒன்று வருகிறது.

டிசம்பர் டிக்கெட் போட்டாச்சு. நேற்று ஆபீசில் இன்டிபென்டென்ட் ஸ்டடி படிவம் கேட்டேன். மே மாதத்திலேயே கேட்ட முதல் ஆள் நான்தானாம், அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

மூணேமுக்கால் அக்கா, உங்களுக்கு என்ன சொன்னார்கள்?

மூணேமுக்கால் | 18 மே, காலை 7:30

உறுதியாகிவிட்டது தம்பி. சீனியாரிட்டி தேதி சரியாகத்தான் இருந்தது, எனக்குக் கீழே யாரும் இல்லை. திரும்ப அழைக்கும் பட்டியலில் 39 மாதம் என் பெயர் இருக்குமாம். அதற்குள் அவன் மிடில் ஸ்கூல் போய்விடுவான். ஜூன் முதல் வாரம்வரை பள்ளி இருக்கிறது. இடது காலை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறான், இந்த வாரம் முடிச்சு மட்டும் நான் போடுகிறேன், இழுப்பதை அவனை விட்டுச் செய்ய வைக்கிறேன்.