வேர்க்குழல் இடைமருந்து: ‘இன்ட்ராகேனல் மெடிக்கமென்ட்’ என்பதற்கு ஒரு முன்மொழிவு

பல் வேர்ச் சிகிச்சையில் இரு வருகைகளுக்கு இடையே வேரின் உட்குழலில் வைத்து மூடும் மருந்தே ‘இன்ட்ராகேனல் மெடிக்கமென்ட்’. அதற்கு ‘உள்மருந்து’ என்று முன்மொழிந்திருக்கிறார்கள். சொல் எளிது; ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. அக மருந்து 32, புற மருந்து 32 என்று வகுக்கும் சித்த மருத்துவத்தில் உள்மருந்து என்றால் உட்கொள்ளும் மருந்து என்றே பொருள். பல்வேரினுள் வைத்து மூடும் பசைக்கு அதே பெயரை இட்டால் குழப்பம் விளையும்.

வேர்ச் சிகிச்சையில் பல்லின் உள்ளிருக்கும் மென்திசுவான பற்கூழை அகற்றி, குழலை ஃபைல்கள் எனும் நுண்ணரங்களால் சீவி, சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவிய பின்னும், பக்கக் கிளைகளிலும் குழலின் சுவரான டென்டினின் நுண்குழாய்களிலும் பாக்டீரியா எஞ்சக்கூடும். சிகிச்சையை ஒரே அமர்வில் முடிக்காதபோது, அவை அடுத்த வருகைக்குள் மீண்டும் பெருகாதிருக்கவே, லெந்துலோ எனும் சுருள்கம்பியாலோ ஊசிக்குழலாலோ மருந்தைச் செலுத்தித் தற்காலிக அடைப்பு வைக்கிறார்கள். 1920-இல் பல் மருத்துவர் ஹெர்மன் அறிமுகப்படுத்திய கால்சியம் ஹைட்ராக்சைடே இன்றும் இதில் முதன்மையானது. அதன் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 12.5, அதாவது வலிய காரம். ஆனால் டென்டின் அந்தக் காரத்தைத் தணித்துவிடுவதால் ஹைட்ராக்சில் அயனிகள் மெல்லத்தான் ஊடுருவும். அதனால் பொதுவாக ஒரு வாரமாவது உள்ளே விட்டுவைப்பார்கள். அதற்கும் அசையாத என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் எனும் பாக்டீரியாவுக்கு 2% குளோர்ஹெக்சிடின் எனும் கிருமிநாசினி ஜெல்லை நாடுவதுண்டு.

இந்தக் குளோர்ஹெக்சிடின்தான் பெயர்ச்சிக்கலைத் தெளிவாக்குகிறது. நீர்மமாகச் செலுத்தி வெளியேற்றினால் அது கழுவுநீர்மம். ஜெல்லாக உள்ளேயே விட்டுவைத்தால் மெடிக்கமென்ட். ஆகவே இங்கே வகையைத் தீர்மானிப்பது வேதிப்பொருள் அன்று, அது தங்கும் காலம். ‘வேர்க்குழல் பசை’ என்ற இன்னொரு முன்மொழிவும் இதனாலேயே பொருந்தவில்லை. இறுதியில் குழலை நிரப்பும் கட்டாபெர்ச்சா எனும் ரப்பர் போன்ற பொருளுடன் இடைவெளிகளை அடைத்து நிலையாகத் தங்கிவிடும் சீலரும் பசைதானே! மெடிக்கமென்டையோ நிரப்புவதற்கு முன் முழுதும் கழுவி எடுக்க வேண்டும். சுவரில் படிந்த எச்சம் சீலரின் பிடிப்பைக் கெடுக்கும்.

எனவே ‘வேர்க்குழல் இடைமருந்து’ என்பதை முன்வைக்கிறேன். இரு வருகைகளுக்கு இடையே இருந்து நீங்குவது என்ற பொருளை அது நேரே தருகிறது. பால்பற்களின் பற்கூழ் வெட்டுப்பரப்பில் சில நிமிடங்கள் மட்டும் ஒற்றி எடுக்கும் ஃபார்மோகிரெசால் எனும் மருந்து இதில் அடங்காது, அடங்கவும் கூடாது. மினோசைக்ளின் கலந்த மூவகை ஆன்டிபயாட்டிக் பசை, பல்லை நிறம் மாற்றும் குறை உடையதாயினும், இதில் அடங்கும்.

கேனாலுக்குக் ‘கால்வாய்’ என்போர் உண்டு. திறந்தோடும் நீர்வழியை நினைவூட்டும் சொல் அது. நாற்புறமும் சுவர் சூழ்ந்த இவ்வழிக்குக் ‘குழல்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கால்வாயே நிலைக்குமாயின் ‘வேர்க்கால்வாய் இடைமருந்து’ என்றாலும் எனக்கு மறுப்பில்லை. ‘இடை’ மட்டும் விடுபடலாகாது.