காற்று வீசும் இரவில் காற்றாலையை நிறுத்துவது நியாயமா?

பணகுடிக்காரன்:
குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடிதான் எங்கள் காற்றாலைகளுக்கு அறுவடைக் காலம். போன ஆடியில் ஓர் இரவு, கணவாயிலிருந்து காற்று கொட்டுகிறது. தேவை குறைந்துவிட்டது, நிறுத்துங்கள் என்று உத்தரவு வந்தது. இறக்கைகளை நிறுத்திவிட்டு விடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதே நேரத்தில் அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்துகொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்குவதை எரித்துவிட்டு, சும்மா வருவதைத் தள்ளுவது என்ன கணக்கு?

தூத்துக்குடி கொதிகலன்:
அண்ணாச்சி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் 210 மெகாவாட் இயந்திரத்தை நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது மூட்ட முடியாது. முழுக்கக் குளிர்ந்துவிட்டால் மறுபடி மின்சாரம் தரப் பல மணி நேரமாகும். மத்திய அரசின் அனல்மின் நிலையங்களுக்கே 2016-ல் முழுத் திறனில் 55 சதவீதத்தைத்தான் கீழ்வரம்பாக வைத்தார்கள். பழைய கொதிகலனை ரொம்பவும் இறக்கினால் தீ நிலைகொள்ளாது. எண்ணெய் ஊற்றித்தான் காப்பாற்ற வேண்டும். காலையில் காற்று விழுந்தால் யாரைக் கேட்பீர்கள்? கூடங்குளத்தின் இரண்டு 1000 மெகாவாட் உலைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடுபவை. ஏற்ற இறக்கம் எங்கள் தலையில்தான் விழுகிறது.

பணகுடிக்காரன்:
அதற்குக் கூலியும் வருகிறதே, தம்பி! ஓடத் தயாராக இருந்தாலே உங்களுக்கு நிலைக்கட்டணம். எனக்கு அந்த இரவுக்கு ஒரு பைசா வரவில்லை.

தூத்துக்குடி கொதிகலன்:
நிலைக்கட்டணம் கடனுக்கும் வட்டிக்கும் பராமரிப்புக்கும் போய்விடும். அடிக்கடி ஏறி இறங்குவதால் குழாய்கள் தேய்ந்து வெடிக்கிற செலவு வேறு. இன்னொன்றும் சொல்கிறேன். பழைய காற்றாலைகள் ஆடியில் மின்வாரியத்துக்குக் கொடுத்து ‘வங்கியில்’ வரவு வைத்த யூனிட்டை மாசியில் திரும்ப எடுக்கின்றன. அந்த வங்கியில் பெட்டி ஏது? கணக்கு மட்டும்தான். மாசியில் நிலக்கரியை எரித்துத்தான் அந்தக் கடன் அடைகிறது.

அம்பாசமுத்திரம் வயல்காரன்:
பாபநாசத்தில் 1944 முதல் தண்ணீர் மின்சாரம் தருகிறது, அதைத் திறந்தால் போதாதா என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். அது கார், பிசானம் என்ற இரண்டு பருவ நெல்லுக்கான தண்ணீர். சந்தை விலையைப் பார்த்துத் திறக்க விடமாட்டோம். கோவை மாவட்டம் காடம்பாறையில் கீழ் அணைத் தண்ணீரையே மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். அண்ணாச்சியின் இரவுக் காற்று போக வேண்டிய இடம் அதுதான்.

தூத்துக்குடி கொதிகலன்:
ஒரு காடம்பாறை எந்த மூலைக்கு? மின்சந்தையில் 15 நிமிடத்துக்கு ஒரு விலை. நண்பகலில் சூரிய மின்சாரத்தால் சரிகிறது. மாலையில் யூனிட்டுக்கு உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடும் நாள்கள் உண்டு. பேட்டரி வைப்பவருக்கு அந்த வித்தியாசமே வருமானம். காற்றாலைக்காரர்கள் கூட்டாக வைக்கலாமே?

பணகுடிக்காரன்:
வைக்கத் தயார். ஆனால் நிறுத்தும் உத்தரவு எழுத்தில் வரட்டும்: என்ன காரணம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. ஒரு பருவத்தில் எவ்வளவு யூனிட் வீணாகிறது என்று காகிதத்தில் காட்டாமல், எந்த அளவு பேட்டரிக்கு நான் கடன் கேட்பேன்?