பிரேக்கை மிதித்தால் அணைகிற டெயில் லைட்: உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

மைனர்_1959:
குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிய அந்த இரவை இன்னும் மறக்க முடியவில்லை. என் பழைய மாரிஸ் மைனர் காருக்குப் பெயின்ட் அடித்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பர்லியாரில் தேநீருக்கு நிறுத்தியபோது, பின்னாலேயே வந்த லாரி ஓட்டுநர் இறங்கி வந்து, "சார், எடப்பக்கம் லைட்டப் போட்டு வழி விடுற மாதிரி காட்டுறீங்க, நான் ஏறி வந்தா பிரேக் புடிக்கிறீங்க, என்ன வெளையாட்டு இது?" என்றார். என் மைனரில் மினுக்கும் இன்டிகேட்டரே கிடையாது; 1961க்கு முந்தைய மைனர்களில் காரின் பக்கவாட்டிலிருந்து கைபோல் வெளியே நீளும் சிக்னல்தான்.

அவரையே பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய் நின்றேன். இடது விளக்கு பளிச்சென்று எரிந்த அதே நொடியில் வலது விளக்கு முற்றாக அணைந்தது. வலது விளக்கின் எர்த்தை, அதாவது விளக்கை வண்டியின் இரும்புப் பாடியோடு சேர்க்கும் மின் இணைப்பை, புதுப் பெயின்ட் மறித்திருந்தது. அதனால் மின்சாரம் டெயில் லைட்டுக்கான 5 வாட் இழையிலிருந்து, அதே பல்பில் பிரேக் லைட்டுக்காக இருக்கும் 21 வாட் இழைக்குள் புகுந்து, பிரேக் வயர் வழியாக இடது விளக்குக்குப் போய் அங்கே எர்த்தைத் தேடிக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றியிருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் இரண்டு இழைகளுக்கும் ஒரே 12 வோல்ட் வந்து சேர, ஓட்டமே நின்றுவிட்டது. திருகு இறங்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்ததும் சரியாயிற்று. விளக்குக் கோளாறு என்றாலே முதலில் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும்.

பழையசாவி:
இதை நான் ஏற்கவில்லை. 'எர்த், எர்த்' என்று நம்பி நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கினேன். என் மைனரில் சாதாரணமாக மிதித்தால் பிரேக் லைட் எரியாது. எழுந்து நின்று மிதித்தால், பின்னால் நின்ற என் மனைவி "இப்போ எரியுது" என்பார். பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் ஸ்விட்ச் தேய்ந்திருந்தது. அதன் இரண்டு வயர்களையும் நேரே இணைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

களிம்பு:
என் கதை சிறியது: மெக்கானிக் பல்பைத் தலைகீழாகத் திருகி மாட்டியதால், என் டெயில் லைட் பிரேக் லைட் போலவும், பிரேக் லைட் டெயில் லைட் போலவும் எரிந்தன. இரட்டை இழை பல்பின் பக்கவாட்டு முளைகள் ஒரே உயரத்தில் இரா, அதனால் ஒரு வாக்கில்தான் சரியாகப் பொருந்தும். இறுகினால் வற்புறுத்தாமல் கழற்றித் திருப்புங்கள். ஹோல்டரில் களிம்பு பிடித்திருந்தால் சுரண்டிவிட்டு, அடியிலுள்ள ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்இடி மாட்டும் எண்ணமிருந்தால், உங்கள் வண்டியில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அதற்கென்று செய்யாத எல்இடி எரியாது. டெயில் லைட்டின் சிவப்பு வயருக்கு மைனரில் ஃபியூஸ் கிடையாது. ஒன்றைச் சேர்த்துவிடுவது நல்லது. பிரேக் லைட்டுக்குப் போகும் பச்சை வயருக்கு ஃபியூஸ் உண்டு, ஆனால் சாவியைத் திருப்பினால்தான் மின்சாரம் வரும். சாவி போடாமல் சோதித்துவிட்டு ஸ்விட்சைக் குறை சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மைனர்_1959:
எல்இடி பற்றி யாரும் கேட்கவில்லையே, ஐயா. பழையசாவி அவர்களுக்கு: ஸ்விட்ச் பழுதானால் இரண்டு பக்கமும் சேர்ந்தே எரியாமல் போகும், ஒன்று எரிய ஒன்று அணைவது ஸ்விட்சின் வேலையன்று. நேற்று இடது விளக்கையும் கழற்றினேன். அங்கும் பெயின்ட்தான், ஒரே ஒரு திருகு மட்டும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.