ஏரேட்டர் கட்டாயமான பிறகு எங்கள் வீடுகளில் நடந்தவை

ராமமூர்த்தி நகரிலிருந்து:

2024 மார்ச் மாதம் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது, அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உணவகங்களும் வணிக வளாகங்களும் அந்த மாத இறுதிக்குள் குழாய்களில், தண்ணீரைச் சிக்கனமாக விடும் ஏரேட்டர் பொருத்தியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. தனி வீடுகளுக்கு அது அவரவர் விருப்பம். தரைத்தளமும் மேலே மூன்று தளங்களும், மொத்தம் 24 வீடுகளும் கொண்ட எங்கள் குடியிருப்பின் சங்கச் செயலாளராக அப்போது நான் இருந்தேன். ஊரே பிளம்பரைத் தேடிக்கொண்டிருந்த அந்தப் பத்து நாட்களில், கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இங்கே தொழில் செய்யும் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டி வந்து வேலையை முடித்தோம்.

ஏரேட்டரை நான் குறை சொல்ல வரவில்லை. நீரோடு காற்றைக் கலந்து மெல்லிய தாரையாக விடும் அந்தச் சிறு சல்லடை, கை கழுவும் இடத்தில் மிக நல்ல பொருள். சாதாரணக் குழாயில் போகும் நீரில் கால் பங்கு போதும், கை சுத்தமாகிவிடும். ஆனால் நம் வீடுகளில் தண்ணீர் பெரும்பாலும் பாத்திரத்தில் பிடித்துத்தான் புழங்கப்படுகிறது. 20 லிட்டர் பக்கெட்டுக்கு 20 லிட்டர்தான் வேண்டும். அதை வேகமாகப் பிடித்தாலும் மெதுவாகப் பிடித்தாலும் மிச்சமாவது ஒரு சொட்டும் இல்லை. மிச்சப்படாததோடு, நிற்பவரின் நேரமும் போகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் அழுத்தம். மேல்தொட்டியிலிருந்து தரைத்தளக் குழாய்க்கு ஏறக்குறைய 13 மீட்டர் உயரம் இருக்கிறது; மூன்றாம் தளத்துக்கோ 3 மீட்டரைத் தாண்டாது. 10 மீட்டர் உயர நீர்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும் என்பதால், கீழே ஒழுங்காக வேலை செய்யும் அதே ஏரேட்டர் மேலே ஏறக்குறைய ஓர் அடைப்பைப் போலாகிவிடுகிறது. மூன்றாம் தளத்தில் நான்கு நிமிடத்தில் நிரம்பிக்கொண்டிருந்த பக்கெட், ஏரேட்டர் போட்ட மறுநாள் பதினொரு நிமிடம் எடுத்ததை நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன். எந்தத் தளம், எவ்வளவு அழுத்தம், எதற்கான குழாய் என்ற கேள்வி எதுவும் எங்களுக்கு வந்த படிவத்தில் இல்லை. குழாய்களின் எண்ணிக்கைக்கும் ஏரேட்டர்களின் எண்ணிக்கைக்கும் மட்டும் இரண்டு கட்டங்கள் இருந்தன.

அந்தத் தளத்தில் தனியாக வசிக்கும் பாட்டி ஒருவர், தினமும் காலையில் பூஜைக்கும் சமையலுக்கும் பித்தளைக் குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பார். முதல் நாள் குடத்தில் விழுந்த நீர் நுரைத்துப் பால்போல் வெளுத்திருந்ததைக் கண்டு, ஏதோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று பயந்து கொட்டிவிட்டு, மறுபடி பிடித்து, அதையும் கொட்டியிருக்கிறார். அது காற்றுக்குமிழிதான், சற்று நேரம் வைத்தால் தெளிந்துவிடும் என்று நான் போய்ச் சொல்வதற்குள் இரண்டு குடம் சாக்கடைக்குப் போயிருந்தது. குடம் நிரம்பும் வரை மூட்டு வலியோடு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர், "இத்தனை வருஷம் நான் ஒரு சொம்பு தண்ணி வீணாக்கினதில்லையேப்பா" என்று சொன்னது என் மனத்தை மிகவும் வருத்தியது.

போர்வெல் தண்ணீரின் உப்பு மூன்றே வாரத்தில் சல்லடையை அடைத்தது. அன்றிலிருந்து மாதம் இரண்டு முறை கழற்றி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து மாட்டுகிறோம். இதற்கு நடுவே சரிபார்க்க வந்த ஊழியர், துணி துவைக்கும் இடத்தில் பக்கெட் பிடிப்பதற்கென்றே இருந்த குழாய்கள் இரண்டில் ஏரேட்டர் இல்லை என்று குறித்துக்கொண்டு, அவற்றிலும் போடச் சொன்னார். வாரத்துக்கு எத்தனை டேங்கர் வாங்குகிறீர்கள் என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்து, கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கேட்கவே இல்லை.

கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். ஏரேட்டருக்கு முன் வாரத்துக்கு ஏழு டேங்கர், அதன் பின்னும் ஏழு. பிறகு வீடு வீடாகப் போய், கழிப்பறைத் தொட்டிகளில் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்த ஒன்பது வால்வுகளை மாற்றினோம். விடியற்காலையில் மேல்தொட்டி வழிவதைத் தடுக்க மோட்டாருக்குத் தானாக நிற்கும் சுவிட்சு வைத்தோம். ஐந்தாகக் குறைந்தது. இவற்றைச் செய்யும்படி எங்களுக்கு வந்த எந்தத் தாளும் சொல்லவில்லை.

அல்சூரிலிருந்து:

ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுச் சூரிய வெந்நீர்க் கலம்தான் நினைவுக்கு வந்தது. 1,200 சதுர அடி மனையில் கட்டும் வீட்டுக்கும் அது கட்டாயம் என்று 2007இலிருந்து கர்நாடகத்தில் விதி இருக்கிறது. 2009இல் நாங்கள் வீடு கட்டியபோது, அதைப் பொருத்திய பிறகே மின் இணைப்புக் கிடைத்தது. முதல் சில வருடங்கள் அருமையாக உழைத்தது. வெந்நீருக்கு மின்சாரமே செலவாகவில்லை, அதை மறுக்க மாட்டேன்.

பிறகு பக்கத்து மனையில் ஐந்து மாடி எழும்பியது. காலை முதல் நண்பகல் வரை எங்கள் மொட்டை மாடியில் நிழல்தான். வெயிலைப் பிடிக்கும் கருவியை வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அந்த வெயில் தொடர்ந்து அங்கே விழுமா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. உப்புத் தண்ணீரால் கண்ணாடிக் குழல்களுக்குள் வெள்ளைக் காரை படிந்து, இரண்டு முறை குழல்களை மாற்றியும் ஆயிற்று. கடைசியில் மின் கீசர் வாங்கினோம். ஒரே வீட்டில் இப்போது இரண்டும் இருக்கின்றன.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மாடியிலிருந்து தரைத்தளக் குளியலறை வரை குழாயில் தேங்கியிருக்கும் பச்சைத் தண்ணீர், ஏறக்குறைய 10 லிட்டர், வெளியேறினால்தான் வெந்நீர் வரும். விருப்பத்தின் பேரில் நாங்களும் ஏரேட்டர் போட்டிருந்தோம். அதனால் வெந்நீருக்காகக் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகி, பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கப் போய்விடுகிறார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஒரு விதியும் தண்ணீரை மிச்சப்படுத்தும் ஒரு விதியும் எங்கள் குளியலறையில் சந்தித்து, இரண்டையும் வீணாக்குகின்றன. இதற்கு உங்கள் பிளம்பரிடம் ஏதாவது வழி உண்டா, ஐயா?

ராமமூர்த்தி நகரிலிருந்து:

உண்டு அம்மா, கேட்டுவிட்டேன். வெந்நீர்க் குழாய் குளியலறைக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் குழாயை இரண்டாகப் பிரிக்கும் ஒரு 'டி' இணைப்பு வைத்து, அதிலிருந்து தனி வால்வும் குழாயும் சம்புக்கு, அதாவது நிலத்தடித் தொட்டிக்கு, இறக்கிவிட்டால், தேங்கிய தண்ணீரை அங்கே திருப்பிவிட்டு, குழாய் சூடானதும் மூடிவிடலாம் என்கிறார். சுவரை உடைக்காமல் வெளிப்பக்கமாகவே கொண்டுபோக முடியுமாம். பக்கெட் பிடிக்கும் குழாயில் ஏரேட்டர் வேண்டாம், கழற்றிவிடுங்கள். தனி வீடான உங்களுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது.

எங்களுக்கு இல்லை. பக்கெட், குடம் பிடிக்கும் குழாய்களுக்கும் மூன்றாம் தளத்துக்கும் விலக்குக் கேட்டு, அளந்த நேரங்களையும் டேங்கர் கணக்கையும் இணைத்து மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை பாட்டிக்கு ஓர் இருபதடி ரப்பர் குழாய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஏரேட்டர் தேவைப்படாத வாஷிங் மெஷின் இணைப்பிலிருந்து குடத்தை நிரப்பிக்கொள்கிறார்.