மாணவர் தேர்தலில் நின்றவர்களே, எதற்குப் பயந்தீர்கள்?

நெல்லைப்பொண்ணு:
எனக்குத் திக்குவாய். எந்தச் சொல்லில் மாட்டுவோம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், சட்டென்று வேறு சொல்லுக்குத் தாவிவிடுவேன். 'கஷ்டம்' வராதென்றால் 'சிரமம்'. பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது. மூன்றாம் வருடம் சேர்மன் பதவிக்கு நின்றேன். மேனிஃபெஸ்டோ ஸ்பீச் அன்று ஆடிட்டோரியம் நிரம்பிவிட்டது. 'வணக்கம்' வந்தது. 'என் பெயர்' வந்தது. அப்புறம் க், க், க். மைக் அதை மூலை ஸ்பீக்கர் வரை கொண்டுபோனது. பின்வரிசையிலிருந்து என் ரூம்மேட் என் பெயரைக் கத்திச் சொன்னாள். கைதட்டல்கூட வந்தது. நான், "அதை நான்தான் சொல்லணும், கொஞ்சம் பொறுங்க" என்றேன். அது மட்டும் திக்காமல் வந்தது! ஹாஸ்டல் தண்ணீர், லைப்ரரி நேரம் பற்றியெல்லாம் பேசினேனாம், ஒன்றும் நினைவில்லை. அவள் மேல் அன்று வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதுதான் உறுத்துகிறது.

பத்தாம்வகுப்பு_பி:
எஸ்பிஎல் (பள்ளி மாணவர் தலைவர்) பதவிக்கு என்னைத் தவிர யாரும் நிற்கவில்லை, தேர்தலே நடக்கவில்லை. பயமெல்லாம் மறுநாள் பிரேயரில்தான். உறுதிமொழியை நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றாவது வரி மறந்துபோச்சு. இரண்டாவதையே மறுபடி சொன்னேன். 700 பேரும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள்! யாரும் சிரிக்கவில்லை. பி.டி. சார் மட்டும் விசிலை வாயில் வைத்தபடி என்னையே பார்த்தார்.

முன்னாள்_செகரட்டரி:
தம்பி, போட்டியே இல்லாமல் வந்ததைத் தேர்தல் கணக்கில் சேர்க்காதே. சகோதரி, ரூம்மேட் செய்ததில் என்ன தப்பு? உதவிக்கு வந்தவளைக் கோபிப்பதா? பாடும்போது பெரும்பாலும் திக்காது, நாலு பேரோடு சேர்ந்து படிக்கும்போதும் அப்படித்தான். அதனால் பெயரை ராகமாகச் சொல்லிப் பழகியிருக்கலாம். மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்திருக்கலாம். இனி நிற்கப் போகிறவர்கள் கல்லூரி மாணவர் தேர்தலுக்கான லிங்டோ கமிட்டி விதிகளையும் படித்துவிடுங்கள். உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்றுக்கொண்டது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். வருகைப் பதிவு 75 சதவீதமாவது வேண்டும். நிர்வாகிப் பதவிக்கு ஒரே வாய்ப்புதான், தோற்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பதெல்லாம் கிடையாது. என் கதையா? வேட்புமனுவில் கை நடுங்கிக் கையெழுத்துக் கோணிவிட்டது. மறுபடி போடச் சொன்னார்கள். போட்டேன்.

நெல்லைப்பொண்ணு:
அண்ணா, ராகம் போட்டுப் பெயர் சொல்லியிருந்தால் கல்ச்சுரல்ஸில் வேண்டுமானால் பரிசு கிடைத்திருக்கும். தப்பு அவள் மேல் என்று நானும் சொல்லவில்லையே. கோபம் போகவில்லை என்றுதான் சொன்னேன்.

கடைசிபெஞ்ச்:
ஜெயிச்சீங்களா அக்கா?

நெல்லைப்பொண்ணு:
தோற்றேன். ஹாஸ்டல் முழுக்க எனக்காக ஓட்டுக் கேட்டவளும் அவள்தான். போன மாதம் அவள் கல்யாணம். மாப்பிள்ளையிடம் என்னைக் காட்டி, "இவ..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். நான் என் பெயரைச் சொல்லி முடிக்கும் வரை இரண்டு பேரும் சும்மா நின்றார்கள். பின்னால் போட்டோவுக்கு ஒரு கூட்டமே வரிசையில் காத்திருந்தது.