பழைய ப்ராசசர், புதுக் கெர்னல் (லினக்ஸின் மையக்கரு): உங்கள் அனுபவம் என்ன?

நீடாமங்கலம்:
இங்கே ஒரு அரிசி ஆலையில் லாரி எடைமேடைக்கு ஒரு பென்டியம் எம் லேப்டாப். சீரியல் போர்ட் இருந்ததால்தான் அதை விடாமல் வைத்திருந்தார்கள். எடைக்கருவியின் கேபிள் நேராக அதில் செருகும். 2015 தை மாதம், சம்பா அறுவடை உச்சத்தில், ஹார்டு டிஸ்க் போய்விட்டது. வேறு டிஸ்க் போட்டு லினக்ஸ் ஏற்றினால், ‘இந்த ப்ராசசரில் பிஏஇ இல்லை’ என்று பூட் ஆகாமல் நின்றது. பிஏஇ என்பது 32 பிட் ப்ராசசர் கூடுதல் மெமரியைத் தொட உதவும் வசதி. வெளியே நெல் லாரிகள் வரிசை. “தம்பி, புதுசு வாங்கிடலாமா?” என்று ஆலைக்கார அண்ணன் நாலு தடவை கேட்டுவிட்டார்.

அப்புறம்தான் தெரிந்தது, ஆரம்பகால பென்டியம் எம் சிப்புகளில் பிஏஇ இருக்கிறது, இருப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பூட் வரியில் ஃபோர்ஸ், பிஏஇ இரண்டையும் ஒரே சொல்லாகச் சேர்த்து அடித்தேன். எழுந்து உட்கார்ந்தது. இருக்கிற வசதியைக் கேட்டுப் பார்க்காமலே ஒரு கணினியைக் குப்பைக்கு அனுப்பியிருப்போம் என்று நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

தஞ்சாவூர்:
எனக்கு 2018 ஜனவரி. மெல்ட்டவுன் என்ற ப்ராசசர் பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட் போட்டதும் லேபில் இருந்த கோர் 2 டுவோ கணினிகள் தளர்ந்தன. கெர்னலுக்கும் நிரலுக்கும் தனித்தனிப் பக்க அட்டவணை (மெமரியில் எது எங்கே என்ற பட்டியல்) வைத்து, ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும், அதாவது நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் ஒவ்வொரு முறையும், மாற்றி மாற்றிப் போவதுதான் அந்த அடைப்பு. எந்தப் பதிவு எந்த அட்டவணையுடையது என்று அடையாளம் போடும் பிசிஐடி வசதி உள்ள புதிய சிப்புகளில், மாறும்போது டிஎல்பி (அட்டவணையில் அண்மையில் பார்த்ததை ப்ராசசர் நினைவில் வைக்கும் இடம்) அப்படியே இருக்கும். கோர் 2வில் பிசிஐடி இல்லை, ஒவ்வொரு முறையும் டிஎல்பியைக் கழுவி ஊற்றியாக வேண்டும். நிறைய சின்ன ஃபைல்களைத் தொடும் கம்பைல் வேலையில் பளிச்சென்று தெரிந்தது. அதே லேபில் இன்டெல் ஆட்டம் (Atom) ப்ராசசர் போட்ட ஒரு பழைய நெட்புக், கட்டளைகளை வரிசை மாற்றாமல் செய்கிற ரகம். அதற்கு அந்த ஓட்டையே இல்லை, வேகமும் குறையவில்லை.

வேதாரண்யம்:
கடைமடைக்காரன் நான், பழைய கணினிகள் பக்கம்தான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய ப்ராசசர்களையும் தாங்குவதால் மட்டும் கெர்னலின் வேகம் குறைந்துவிடாது. பூட் ஆகும்போது ப்ராசசர் எது என்று பார்த்து, கெர்னல் தன் கட்டளைகளையே அந்த இடத்தில் மாற்றி எழுதிக்கொள்கிறது. ஒற்றைக் கோர் என்றால், மற்றக் கோர்கள் குறுக்கிடாமல் தடுக்கும் லாக் முன்னொட்டைக்கூட எடுத்துவிடும். இந்த வேலைப்பாட்டைப் படித்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அப்படி மாற்றி எழுத முடியாத இடங்கள்தான் சுமை. இன்டெலின் பழைய 386 ப்ராசசரில், மதிப்பை ஒப்பிட்டு ஒரே கட்டளையில் மாற்றும் சிஎம்பி-எக்ஸ்சேஞ்ச் கிடையாது. எழுதக்கூடாது என்று குறித்த மெமரிப் பக்கத்தில் கெர்னலே எழுதினால் தடுக்கவும் தடுக்காது. அதற்கென்று தனிக் கோட், சோதித்துப் பார்க்கக் கணினி வைத்திருக்கும் ஆளும் இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை 1991இல் தொடங்கியதே ஒரு 386இல்தான். 2013இல் வந்த 3.8 பதிப்பில் அந்த 386 ஆதரவையே எடுத்தார்கள். அது சரியான முடிவு. 486 ஆதரவையும் எடுக்க, அதே காரணத்தைச் சொல்லி 2025இல் கெர்னல் நிரலர் இங்கோ மோல்னார் பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்பினார். அதிலும் எனக்கு வருத்தமில்லை.

நீடாமங்கலம் அண்ணே, அந்த எடைமேடை லேப்டாப் இப்போது?

நீடாமங்கலம்:
ஓடுகிறது தம்பி. அதில் இருப்பது டெபியன் என்ற லினக்ஸ். அதன் 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்குக் கெர்னலும் இன்ஸ்டாலரும் கிடையாது. அதனால் 12இலேயே நிறுத்தி, நெட் கேபிளைக் கழற்றி வைத்திருக்கிறேன்.